நம்ம ஊர் கேபிள் கார், பீச்–தாம்பரம் எலெக்ட்ரிக் ட்ரெயின்தான்!



பதிவு நீளம். டீச்சர் எழுதினால் அப்படித்தான் என்று உங்களுக்குத் தெரியும். ஒரே மூச்சில் படிக்க முடியாதவர்கள் இரண்டு தவணையாகப் படியுங்கள். பாதியில் மட்டும் விட்டுவிடாதீர்கள். கடைசியில் வீட்டுப்பாடம் இருக்கிறது.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் சான் பிரான்சிஸ்கோ படங்கள் வந்தன. கேபிள் கார் படியில் தொங்கிக்கொண்டு, பின்னால் செங்குத்தான தெரு, அதற்கும் பின்னால் நீலக் கடல். பார்க்கவே அழகாக இருந்தது. கீழே ஒரு பெண், "மலை, கடல், பழைய காலத்து வண்டின்னு நம்ம ஊர்ல சுத்திப் பார்க்க என்ன டீச்சர் இருக்கு?" என்று கேட்டிருந்தாள். அதற்குச் சிரிக்கிற பொம்மைகளாகப் போட்டுத் தள்ளியிருந்தீர்கள்.

சிரித்தவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. நம்முடையதும் மலையும் கடலும் சேர்ந்த ஊர்தான். இங்கும் 1931-லிருந்து ஓடுகிற ஒரு மின்சார ரயில் பாதை இருக்கிறது. அதில் ஏறி இறங்கியே கற்காலத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரை பார்த்துவிடலாம். நாம் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் இதே ஊரில் ஓர் உதாரணம் இருக்கிறது. அதையும் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கேபிள் கார் கதை. மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது நானும் அதில் ஏறியிருக்கிறேன். கேபிள் கார் என்றதும் மலைக்கு மலை அந்தரத்தில் தொங்கிப் போகும் ரோப் கார் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு. பழனியில் விஞ்ச் ஏறியிருப்பீர்கள் அல்லவா? தண்டவாளத்தின் மேல் பெட்டி, அதை இழுக்க ஒரு இரும்புக் கயிறு. ஏறக்குறைய அந்த மாதிரிதான். ஆனால் பழனியில் கயிறு பெட்டியோடு கட்டப்பட்டிருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் கயிறு தெருவுக்கு அடியில் ஒரு பள்ளத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது, மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் வேகத்தில். வண்டி ஓட்டுகிறவர் நின்றுகொண்டு ஒரு பெரிய நெம்புகோலை இழுத்தால், வண்டிக்கு அடியில் உள்ள இடுக்கி அந்தக் கயிற்றைக் கவ்விக்கொள்ளும். வண்டி நகரும். கவ்வியதை விட்டுவிட்டு பிரேக் போட்டால் நிற்கும். வண்டியில் எஞ்சின் கிடையாது. எட்டாம் வகுப்பு அறிவியல் பாடம்தான், அதை ஊர் முழுக்க விரித்து வைத்திருக்கிறார்கள்.

ஆண்ட்ரூ ஹாலிடி என்பவர் 1873-ல் கிளே தெருவில் இதை முதலில் ஓட்டிக் காட்டினார். குதிரைகள் வண்டியை இழுத்துக்கொண்டு ஏற முடியாத ஏற்றங்கள் அவை. பிறகு பல கம்பெனிகள் பல பாதைகள் போட்டன. 1906 நிலநடுக்கத்தில் நிறைய அழிந்தது. மின்சார டிராமும் பஸ்ஸும் வந்தபின் மிச்சமிருந்ததும் குறைந்துகொண்டே வந்தது.

1947-ல் அந்த ஊர் மேயர், இது பழசு, நஷ்டம், எடுத்துவிட்டு பஸ் விடலாம் என்றார். அப்போது ஃப்ரீடல் கிளஸ்மன் என்ற பெண்மணி கிளம்பினார். மகளிர் அமைப்புகளை ஒன்று சேர்த்தார், குழு அமைத்தார், கையெழுத்து வாங்கினார், விஷயத்தைத் தேர்தல் வாக்கெடுப்புக்கே கொண்டுபோனார். அந்த நவம்பரில் ஓட்டுப் போட்டவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் கேபிள் கார் வேண்டும் என்றார்கள். 1986-ல் அந்த அம்மா காலமானபோது கேபிள் கார்களில் கறுப்புத் துணி கட்டி ஓட்டினார்களாம். ஒரு ஊர் இப்படித்தான் நன்றி சொல்ல வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அவர்கள் அந்த வண்டியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றவில்லை. 1982-லிருந்து 1984 வரை ஓட்டத்தையே நிறுத்திவிட்டு, தண்டவாளம், கயிறு ஓடும் பள்ளம் என்று எல்லாவற்றையும் பெயர்த்துப் புதிதாகப் போட்டார்கள். அந்த இடைவெளியில் ஊருக்கு ஒரு வேடிக்கை வேண்டுமே என்று பழைய டிராம்களைத் தேடிப் பிடித்து விழாவாக ஓட்டினார்கள். அது மக்களுக்குப் பிடித்துப்போய், 1995-ல் மார்க்கெட் தெருவில் நிரந்தரமாகவே பழைய டிராம் பாதை ஒன்று வந்துவிட்டது. இத்தாலியின் மிலான் நகரத்தில் 1928 வாக்கில் கட்டிய டிராம்கூட அதில் ஓடுகிறது. பெட்டியையும் தண்டவாளத்தையும் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். ஓட்டத்தை விடவில்லை. பாரம்பரியம் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல விளக்கம் இதுதான்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். நாங்கள் போனபோது கேபிள் காரில் ஒரு தடவை ஏற 8 டாலர். பவல் தெருவில் வண்டியைக் கையால் தள்ளித் திருப்புகிற வட்டத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்றோம். வரிசையில் எங்களைப் போல வெளியூர்க்காரர்கள்தான். உள்ளூர்க்காரர்கள் பக்கத்திலேயே பஸ் பிடித்துப் போய்க்கொண்டிருந்தார்கள். சுற்றுலாப் பயணிக்கு மட்டும் என்று ஆகிவிட்டால் எந்த வண்டியும் கொஞ்சம் பொம்மையாகிவிடுகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

இப்போது நம் கதை. சென்னையில் டிராம் ஓடியது, உங்களில் பலருக்குத் தாத்தா பாட்டி சொல்லித் தெரிந்திருக்கும். இந்தியாவின் முதல் மின்சார டிராம் மெட்ராஸ் டிராம்தான் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1895 மே 7-ஆம் தேதி தொடங்கியது. கல்கத்தாவில் அதற்கு முன்பே டிராம் இருந்தது, ஆனால் அதை இழுத்தவை குதிரைகள். அங்கே மின்சாரம் வந்தது 1902-ல். பம்பாயில் 1907-ல். மவுண்ட் ரோடு, பாரிமுனை, மயிலாப்பூர், ராயப்பேட்டை, புரசைவாக்கம் என்று அந்த டிராம் ஊரைச் சுற்றியது. 1953 ஏப்ரல் 12-ஆம் தேதி ராத்திரியோடு நின்றுவிட்டது. கம்பெனி நொடித்துப்போனது. தண்டவாளங்களைப் பெயர்த்தார்கள். சான் பிரான்சிஸ்கோ மக்கள் ஓட்டுப் போட்டு ஆறு வருஷம்கூட ஆகவில்லை. இங்கே ஜனங்களை யாரும் கேட்கவும் இல்லை, ஓட்டுப்பெட்டி வைக்கவும் இல்லை.

கல்கத்தாக்காரர்கள் நம்மைவிடப் பிடிவாதமாக இருந்தார்கள். நூறு வருஷத்துக்கும் மேலாக விடாமல் ஓட்டினார்கள். அங்கேயும் பாதைகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, 2024 செப்டம்பரில், மைதானப் பக்கம் ஒரு பாரம்பரியப் பாதை போக மற்றதை நிறுத்தப் போவதாக அரசே அறிவித்தது. அலுவலகத்துக்குப் போகிறவர்களையும் காய்கறிக் கூடைக்காரரையும் ஏற்றிக்கொண்டு போன வண்டி, கடைசியில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுகிற வண்டியாக மிஞ்சுகிறது. நான் சொன்ன பொம்மை கதை இதுதான்.

நம்மிடம் டிராம் போய்விட்டது. ஆனால் டிராமைவிடப் பெரிய ஒன்று இருக்கிறது. தென்னிந்திய ரயில்வே கம்பெனி பீச்சிலிருந்து தாம்பரம் வரை 29 கிலோமீட்டர் பாதையை மின்மயமாக்கி, 1931 மே 11-ஆம் தேதி மக்களுக்காக மின்சார ரயில் விட்டது. இந்தியாவில் மீட்டர் கேஜ் பாதை மின்மயமானது இங்கேதான் முதலில். அதற்கு ஆறு வருஷம் முன்னால் பம்பாயில் மின்சார ரயில் வந்துவிட்டது. டெல்லி, கல்கத்தா புறநகர்களுக்கு அது வர இன்னும் பல வருஷம் இருந்தது.

இந்த ரயில்தான் நம் தென்புறத்தை உண்டாக்கியது என்றால் மிகை இல்லை. தாம்பரம் அன்று ஒரு காட்டுப் பக்கத்துக் கிராமம். நல்ல காற்று என்று 1928-ல் சௌரி முத்து என்ற மருத்துவர் அங்கே காசநோய் சானடோரியம் தொடங்கினார். அந்தப் பெயர்தான் இன்றும் ஸ்டேஷன் பலகையில் இருக்கிறது. 1937-ல் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுன் நெரிசலை விட்டுத் தாம்பரத்துக்குக் குடிவந்தது. குரோம் தோல் தொழிற்சாலையின் பெயர் குரோம்பேட்டை ஆயிற்று. அங்கே எல்லாம் வீடு கட்டிக் குடியேறிய குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும் நர்சுகளும் இந்த ரயிலை நம்பித்தான் வந்தார்கள். அனகாபுத்தூரில் ஸ்டேஷன் கிடையாது. ஆனாலும் பம்மல் வழியாகப் பல்லாவரம் போய் ரயில் பிடித்தால்தான் நமக்கு உலகம். பல்லாவரத்திலிருந்து மாம்பலத்துக்கு லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் போய்வந்தே என் உத்தியோக காலம் கழிந்தது. விடைத்தாள் திருத்தியது, கீரை ஆய்ந்தது, பூ தொடுத்தது, பெண் பார்த்துக் கல்யாணம் பேசி முடித்தது எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான்.

"1931-ல் ஓடிய பெட்டி இப்போ எங்கே டீச்சர்? அப்புறம் எப்படி அது பழைய வண்டி?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மின்சார முறையை அறுபதுகளில் மாற்றினார்கள். 2004-ல் மீட்டர் கேஜ் ஓட்டம் முடிந்து முழுக்க அகலப் பாதை ஆனது. போன வருஷம், 2025 ஏப்ரலில், ஏசி வண்டிகூட வந்துவிட்டது. ஆனால் பாதை அதேதான். எழும்பூர், சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், மாம்பலம், சைதாப்பேட்டை என்கிற அந்த வரிசை அதேதான். தொண்ணூறு வருஷத்துக்கு மேலாகக் காலையில் ஓடிப்போய் ஏறுகிற கூட்டமும் அதேதான். எல்லாவற்றையும் பெயர்த்துப் போட்ட பிறகும் சான் பிரான்சிஸ்கோ கேபிள் கார் பழைய வண்டி என்றால், நம்முடையதும் பழைய வண்டிதான்.

சரி, மலைக்கு வருவோம். "சென்னையில மலையா?" என்றுதானே சிரித்தீர்கள். தாம்பரத்திலிருந்து பீச் போகும் வண்டியில் குரோம்பேட்டை தாண்டியதும் மேற்கே திரும்பி உட்காருங்கள். பல்லாவரம், திருசூலம், பறங்கிமலை என்று இரண்டு பக்கமும் குன்றுகள் வரும். உயரம் குறைவு. வயது அதிகம், இமயமலையைவிட மிக மிக அதிகம். இமயம் புவியியலில் நேற்றுப் பிறந்த குழந்தை.

பல்லாவரத்தில் இறங்குவோம். உங்களில் பாதிப் பேர் இங்கே வெள்ளிக்கிழமைச் சந்தைக்குத்தான் இறங்கியிருப்பீர்கள். 1863 மே 30-ஆம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியலாளர் இங்கே ஒரு சரளைக் குழியிலிருந்து கையால் செதுக்கிய கல் கோடரி ஒன்றை எடுத்தார். இந்தியாவில் கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்குக் கிடைத்த முதல் சான்றுகளில் தலையாயது அது. இந்தியத் தொல்பழங்கால ஆய்வே பல்லாவரத்தில் பிறந்தது என்று சொல்வார்கள். மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகை ஒன்றும் இங்கே குன்றில் இருக்கிறது. இன்று அது தர்கா. பல்லவர் குகையில் பாத்தியா ஓதுகிறார்கள், கல் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தக் கல்லுக்கே ஒரு கதை உண்டு. கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் ஒரு கரும்பலகைக் கல் இருக்கிறது. தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அதைப் பார்த்துவிட்டு, இது மெட்ராஸ் பக்கத்துக் கல் என்று கண்டுகொண்டார். 1893-ல் அந்த வகைப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர் வைத்தார். இன்று உலகத்தில் எங்கே இந்தப் பாறை கிடைத்தாலும் அந்தப் பெயர்தான். பறங்கிமலையில் உள்ள இந்தப் பாறையை இந்திய நிலவியல் ஆய்வுத்துறை தேசிய நிலவியல் நினைவுச்சின்னம் என்று அறிவித்திருக்கிறது. நம்ம ஊர்க் கல் கல்கத்தா வரை போய்ப் பெயர் வாங்கியிருக்கிறது. நமக்குத் தெரிந்ததெல்லாம் ஜல்லி லோடு என்ன விலை என்பதுதான்.

பல்லாவரத்திலிருந்தே இன்னொரு கிளைப் பயணம், திருநீர்மலை. நம் அனகாபுத்தூருக்குப் பக்கம். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. அடிவாரத்தில் நின்ற கோலம், மலைமேல் இருந்த கோலம், கிடந்த கோலம், நடந்த கோலம் என்று பெருமாள் நான்கு கோலத்திலும் இருக்கிற தலம். திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றி ஒரே தண்ணீர், ஆறு மாதம் காத்திருந்து வடிந்த பிறகு தரிசித்தார் என்பது தலபுராணம். அதைக் கதை என்று வகுப்பில் சிரித்தவர்கள், 2015 டிசம்பரில் அடையாறு நம் தெருவுக்குள் வந்தபோது சிரிக்கவில்லை. ஏரிகளும் ஆறும் சூழ்ந்த மலை என்று பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள், நாம் படிக்கவில்லை.

அடுத்த ஸ்டேஷன் திருசூலம். எதிரே விமான நிலையம். வெளிநாட்டிலிருந்து வரும் நம் பிள்ளைகள் எல்லாம் இறங்குகிற இடம். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், குன்றுகளுக்கு நடுவே, சோழர் காலத்துத் திருசூலநாதர் கோயில் இருக்கிறது. விமானத்தில் வந்து இறங்கியவர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறீர்கள்? கை தூக்குங்கள் பார்ப்போம்.

அதற்கடுத்து மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பிறகு பறங்கிமலை. ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோவில் அடிவாரம் போய்ப் படியேறுங்கள். கார் போகிற பாதையும் உண்டு, முழங்கால் வலிக்காரர்கள் அதில் வரலாம். மொத்தமே 300 அடி உயரம்தான். மேலே போர்த்துகீசியர் 1523-ல் கட்டிய தேவாலயம், அதில் பஹ்லவி எழுத்து பொறித்த பழைய கற்சிலுவை. கீழே பார்த்தால் விமானம் ஓடுபாதையில் இறங்குவது உள்ளங்கையில் தெரிகிற மாதிரி தெரியும். தெளிவான நாளில் கிழக்கே கடல் ஒரு கோடாகத் தெரியும். மலையும் கடலும் ஒரே பார்வையில்! இதற்குத்தான் அங்கே 8 டாலர் கொடுத்தோம்.

இதே மலையடியில்தான் 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் தன் அடிக்கோட்டை அளக்க ஆரம்பித்தார். இங்கிருந்து பெரும்பாக்கம் குன்று வரை சுமார் 12 கிலோமீட்டர், சங்கிலி வைத்து அங்குலம் அங்குலமாக அளந்தார்கள். அந்த ஒரு கோட்டின் மேல் முக்கோணத்துக்குப் பக்கத்தில் முக்கோணமாக அடுக்கிக்கொண்டே இந்தியா முழுவதையும் அளந்து, கடைசியில் எவரெஸ்ட்டின் உயரத்தைக் கணக்கிட்டார்கள். உலகத்தின் உயர்ந்த மலையை அளந்த அளவு, நம் சின்ன மலையின் காலடியில் தொடங்கியது. என்னிடம் படித்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்க வேண்டும், நான் ஒவ்வொரு வருஷமும் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் படிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றைக் கட்டிக்கொடுத்தவர் பெட்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். 1726-ல் சைதாப்பேட்டையில் அடையாறு மேல் மர்மலாங் பாலம் கட்டியதும் அவர்தான். இன்று அந்த இடத்தில் இருப்பது மறைமலை அடிகள் பாலம். மலைக்குப் போகிற ஜனங்கள் ஆற்றைக் கடக்கச் சிரமப்படக்கூடாது, கடந்தபின் மலையேறவும் சிரமப்படக்கூடாது என்று பாலமும் போட்டு, படியும் கட்டி வைத்த மனுஷன். எங்கோ பிறந்து இங்கே வியாபாரம் பண்ண வந்தவர். பொதுப் போக்குவரத்து என்பது அரசாங்க வார்த்தை. அதன் பொருளை அவர் முந்நூறு வருஷம் முன்பே செய்து காட்டிவிட்டார்.

மீண்டும் ரயிலேறுங்கள். கிண்டி தாண்டி சைதாப்பேட்டைக்கு முன் அடையாற்றைக் கடக்கும்போது ஒரு நிமிஷம் உஸ்கானை நினையுங்கள். எழும்பூரில் இறங்கி 1908-ல் திறந்த அந்தச் சிவப்புக் கட்டடத்தை வெளியே நின்று பாருங்கள். ஊருக்குப் போகும் அவசரத்தில் நாம் அதை நிமிர்ந்தே பார்த்ததில்லை. பிறகு பார்க் ஸ்டேஷனில் இறங்கி, பூங்கா நகரில் பறக்கும் ரயிலுக்கு மாறி, கலங்கரை விளக்கம் ஸ்டேஷன் வரை போகலாம். மெரினா கலங்கரை விளக்கத்தில் லிஃப்ட் இருக்கிறது, மேலே போய்க் கடலைப் பார்க்கலாம். காலையில் மலையிலிருந்து கோடாகப் பார்த்த கடல், மாலையில் காலடியில். செலவு? தாம்பரத்திலிருந்து பீச் வரைக்கும் சாதாரண வகுப்பில் பத்து ரூபாய் டிக்கெட். பறக்கும் ரயிலும் சேர்த்தால்கூட, ஒரு காபி விலையை எட்டாது.

இனி என் கருத்தைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நம் வீடுகளில் வசதி வந்ததும் நாம் செய்த முதல் காரியம் இந்த ரயிலை விட்டு இறங்கியது. முதலில் டூவீலர், பிறகு கார், இப்போது மெட்ரோ. மெட்ரோ நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் மனு எழுதத் தெரிந்தவர்களும், அதிகாரியிடம் பேசத் தெரிந்தவர்களும், செய்தித்தாளுக்கு ஆசிரியர் கடிதம் போடத் தெரிந்தவர்களும் ஏறாத வண்டிக்கு, லிஃப்ட் ஓடவில்லை என்றாலும் கழிப்பறை பூட்டிக் கிடந்தாலும் கேட்க ஆளிருக்காது. ஃப்ரீடல் கிளஸ்மன் செய்தது பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. இது எங்கள் வண்டி என்று வாயைத் திறந்து சொன்னார். சொல்வதற்கு முதலில் அது நம் வண்டியாக இருக்க வேண்டும்.

"கூட்டம் டீச்சர், மூச்சு முட்டுது" என்பார்கள். உண்மைதான், காலை எட்டரைக்கு நானும் போகச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் போங்கள், ஜன்னலோரம் கிடைக்கும். "அழுக்கு" என்பார்கள். அதற்குப் பதில் மேலே சொல்லிவிட்டேன், கேட்க ஆள் வேண்டும். "பாரம்பரிய ரயில் என்று அலங்காரமாக ஒன்று விட்டால் வருவோம்" என்பவர்களுக்கும் ஒன்று சொல்வேன். ஊட்டி மலை ரயிலுக்கு 2005-ல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது, நமக்கெல்லாம் பெருமை. ஆனால் குன்னூர்க்காரர் வேலைக்குப் போக அதையா நம்பி இருக்கிறார்? நம் ரயிலின் பெருமையே வேறு. பூக்காரம்மாவும் ஐ.டி. பையனும் ஒரே பெட்டியில் போகிற வண்டி இது. அதை அலங்காரம் பண்ணி விலையை ஏற்றிவிடாமல் இருந்தால் போதும்.

2031-ல் இந்த ரயிலுக்கு நூறு வயது. இன்னும் சில வருஷம்தான் இருக்கிறது. ஒரு நாள் மாலை போட்டு, தபால்தலை வெளியிட்டு முடித்துவிடுவார்கள் என்பது என் பயம். அதற்கு முன் நாம் கேட்க வேண்டியவை மூன்று.

ஒன்று, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அந்த ஊரின் கதையைத் தமிழில் சொல்லும் ஒரு பலகை. பல்லாவரத்தில் கல் கோடரி, பறங்கிமலையில் லாம்டன், சைதாப்பேட்டையில் உஸ்கான், சானடோரியத்தில் சௌரி முத்து. ரயிலுக்குக் காத்திருக்கிற ஐந்து நிமிஷத்தில் ஒரு பிள்ளை படித்துவிடும். எழுதிக் கொடுக்க நம் குழுவிலேயே வரலாறு படித்தவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டு, இறங்கியபின் போகிற வழி. ஸ்டேஷனிலிருந்து திருநீர்மலைக்கும் பறங்கிமலை அடிவாரத்துக்கும் மினி பஸ் வேண்டும். வயதானவர் ஏற லிஃப்ட் வேண்டும், நடக்க நடைபாதை வேண்டும். 2021-லிருந்து நாமும் தாம்பரம் மாநகராட்சிதான். கவுன்சிலரிடம் கேட்க நமக்கு உரிமை உண்டு.

மூன்று, மிச்சமிருக்கிற குன்றுகள். இதுதான் என் மனதை அதிகம் உறுத்துவது. பல்லாவரம், திருசூலம், பம்மல் பக்கம் எத்தனை குன்றை உடைத்துச் சாலையும் கட்டடமும் ஆக்கிவிட்டோம்! குன்று இருந்த இடத்தில் இப்போது ஆழமான கல்குட்டை. அதிலும் ஒரு பாடம் இருக்கிறது. 2017 வறட்சியிலும் 2019 வறட்சியிலும் சிக்கராயபுரம் கல்குட்டைத் தண்ணீரைச் சுத்திகரித்துத்தான் சென்னைக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். உடைத்த பள்ளமே தாகம் தீர்த்தது என்றால், உடைக்காத குன்றும் அதன் அடியில் உள்ள ஏரியும் என்னவெல்லாம் செய்யும்! குன்றுச் சரிவில் வீட்டுமனை போடுவதையும், குட்டையில் குப்பை கொட்டுவதையும் நிறுத்தச் சொல்ல வேண்டும். வண்டி ஜன்னலிலிருந்து பார்க்க ஒன்றும் மிச்சமில்லை என்றால், எந்தப் பழைய ரயில் இருந்து என்ன பயன்?

வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். திருசூலத்தில் விமானம் இறங்கி, கண்ணாடி ஏற்றிய காரில் தி.நகர் கடைகளுக்குப் போய்விட்டுத் திரும்பிவிடாதீர்கள். உங்கள் பிள்ளைகளுக்கு லிஸ்பன் டிராமும் ஹாங்காங் டிராமும் தெரிந்திருக்கிறது, சந்தோஷம். அப்பாவும் அம்மாவும் படித்த காலத்தில் தொங்கிக்கொண்டு போன ரயிலையும் காட்டுங்கள். ஒரு நாள் மிச்சமிருந்தால் அனகாபுத்தூருக்கு வாருங்கள். ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப் என்ற பெயரில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குத் துணி நெய்து அனுப்பிய தறிகள் இருந்த ஊர் இது. இன்று வாழைநாரில் புடவை நெய்கிறார்கள். பல்லாவரத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ ஏறினால் வந்துவிடலாம். மோர் தருகிறேன்.

இப்போது வீட்டுப்பாடம். இந்த மாதத்துக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் உள்ள சின்னப் பிள்ளை ஒன்றைக் கூட்டிக்கொண்டு, கார் சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டு, தாம்பரத்திலிருந்தோ பல்லாவரத்திலிருந்தோ பீச் வரை போய்வாருங்கள். நடுவில் ஒரே ஒரு இடத்திலாவது இறங்குங்கள். என்ன பார்த்தீர்கள், எது உடைந்து கிடந்தது என்று பத்து வரி கீழே எழுதுங்கள். படம் போட்டால் இன்னும் நல்லது. வந்ததையெல்லாம் தொகுத்து, ரயில்வேக்கும் மாநகராட்சிக்கும் ஒரு மனுவாக எழுதுவது என் பொறுப்பு. கையெழுத்துப் போடுவது உங்கள் பொறுப்பு.

எழுதாதவர்களுக்கு என்ன தண்டனை என்று பழைய மாணவர்களுக்குத் தெரியும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
அனகாபுத்தூர்.